குளுக்கோஸ் பாட்டிலில் எவ்வளவு தெம்பு?

"உடம்புல தெம்பே இல்ல டாக்டர், ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திவிடுங்க." எந்த ஊர் கிளினிக்கிலும் சாயங்கால நேரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் இந்தக் கோரிக்கை காதில் விழும். கேட்பவர் பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகிறவர். அன்றைய சம்பளத்தில் ஒரு பெரும்பகுதியை அந்தப் பாட்டிலுக்குக் கொடுக்கத் தயாராக வந்திருப்பார். உண்ட உணவு உடலுக்குச் சக்தியாக மாறும் விதம் பள்ளிப் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் அதைச் சுற்றி வளர்ந்துவிட்ட நம்பிக்கைகளுக்கு நாம் இன்னும் பணம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

நம்பிக்கை: குளுக்கோஸ் ஏற்றினால் உடனே தெம்பு வந்துவிடும்

முதலில் பாட்டிலின் லேபிளைப் படியுங்கள். 'டெக்ஸ்ட்ரோஸ் 5%' என்று இருந்தால் 100 மில்லியில் 5 கிராம் குளுக்கோஸ் என்று பொருள். அரை லிட்டர் பாட்டில் முழுவதும் சேர்த்தாலும் 25 கிராம்தான். அதிலிருந்து கிடைப்பது அதிகபட்சம் 100 கலோரி. இரண்டு இட்லியில் ஏறக்குறைய அதே அளவு இருக்கிறது, தொட்டுக்கொள்ளும் சாம்பாரில் கொஞ்சம் புரதமும் சேர்ந்து வரும். உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கே நாளொன்றுக்கு 1,660 கலோரி தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். நாள் முழுவதும் சித்தாள் வேலை பார்த்த பெண்ணுக்கு இந்த 100 கலோரி எந்த மூலைக்கு?

லேபிளில் 'சோடியம் குளோரைடு 0.9%' என்று இருந்தால் அது சலைன், அதாவது வெறும் உப்புத் தண்ணீர். அதில் ஒரு கலோரிகூடக் கிடையாது. நாம் இதையும் குளுக்கோஸ் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அரை லிட்டரில் 4.5 கிராம் உப்பு இருக்கிறது. ஒரு நாள் முழுவதற்குமே 5 கிராமுக்குள் உப்பை நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்தக் கொதிப்பு உள்ளவருக்குக் காரணமில்லாமல் இதை ஏற்றுவது கெடுதல்.

"ஏற்றிய பிறகு நன்றாக இருந்ததே" என்று பலரும் சொல்வார்கள். அது பொய்யில்லை. வெயிலில் வற்றிப்போன உடம்புக்குத் தண்ணீர் கிடைத்தது, ஒன்றிரண்டு மணி நேரம் அசையாமல் படுக்க முடிந்தது. பாட்டிலில் சேர்க்கும் ஊசி மருந்தின் மஞ்சள் நிறம் பார்ப்பதற்கே நம்பிக்கை தருகிறது. அந்த நிறம் வைட்டமின் பி2 தருவது. ஓயாத வாந்தி, வயிற்றுப்போக்கு, அறுவை சிகிச்சை, டெங்கு போன்ற நிலைகளில் சலைன் உயிரைக் காக்கும். வாயால் குடிக்க முடிகிறவருக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் போதும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ரத்தத்தில் குளுக்கோஸ் இருப்பதாலேயே தெம்பு வந்துவிடாது. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோயாளியின் ரத்தத்தில் குளுக்கோஸ் வழிய வழிய இருக்கிறது, ஆனாலும் அவர் சோர்ந்து கிடக்கிறார். இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் தசைச் செல்களுக்குள் அது போதுமான அளவு நுழைவதில்லை. செல்லுக்குள் நுழைந்த பிறகுதான் காரியமே ஆரம்பிக்கிறது.

நம்பிக்கை: சாப்பாடு உடம்புக்குள் தீயைப்போல எரிகிறது

எரிகிறது என்ற பேச்சு ஒரேயடியாகத் தவறில்லை. விறகு எரிந்தாலும் சோறு செரித்துச் சக்தியானாலும் கடைசியில் மிஞ்சுவது கரியமில வாயுவும் தண்ணீரும்தான். பிரான்ஸில் லவாய்சியே 1780-களிலேயே ஒரு கினிப் பன்றியைப் பனிக்கட்டிக்கு நடுவில் வைத்து, அதன் உடல் சூட்டில் எவ்வளவு பனி உருகுகிறது என்று அளந்து, மூச்சுவிடுவது ஒரு மெதுவான எரிதல் என்று சொன்னார். ஆனால் நெருப்பு தன் சக்தியை ஒரே மூச்சில் வெப்பமாக விட்டுவிடும். செல் அப்படி விட்டால் வெந்துபோகும். அதனால் 37 டிகிரி சூட்டிலேயே, படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதியை வைத்து அது குளுக்கோஸைப் பிரிக்கிறது.

முதல் பத்துப் படிகளில் ஆறு கார்பன் உள்ள குளுக்கோஸ், மூன்று கார்பன் உள்ள இரண்டு துண்டுகளாகிறது. இதற்கு ஆக்ஸிஜன் தேவையில்லை. லாபம் இரண்டே இரண்டு ஏடிபி மூலக்கூறுகள். செல் தன் வேலைகளுக்கு நேரடியாகச் செலவிடுவது இந்த ஏடிபியைத்தான். பிறகு அந்தத் துண்டுகள் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகின்றன. அங்கே அவை சிதைந்து கரியமில வாயுவாக வெளியேறும் சுழற்சியை 1937-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் கண்டுபிடித்தவர் ஹான்ஸ் கிரெப்ஸ். அவர் அனுப்பிய கடிதத்தை 'நேச்சர்' இதழ் உடனே வெளியிட முடியாது என்று திருப்பிவிட்டது. 1953-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தச் சுழற்சியில் உருவப்பட்ட எலெக்ட்ரான்கள் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் கைமாறிக் கைமாறிப் போகும்போது, அந்தச் சக்தியைக் கொண்டு புரோட்டான்கள் சவ்வின் மறுபக்கத்துக்குத் தள்ளப்படுகின்றன. மேட்டூர் அணையில் தேங்கும் தண்ணீரைப்போல அவை அங்கே தேங்குகின்றன. திரும்பி வர ஒரு வழிதான் உண்டு, அந்த வழியில் ஒரு டர்பைன் இருக்கிறது. ஏடிபி சிந்தேஸ் என்ற அந்தப் புரதம் உண்மையிலேயே சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு மூன்று ஏடிபி. 1997-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்தப் புரதத்தில் ஒளிரும் இழை ஒன்றை ஒட்டி, அது சுற்றுவதை நுண்ணோக்கியில் படமே பிடித்துவிட்டார்கள். புரோட்டான் தேக்கம் என்ற கருத்தை 1961-இல் சொன்ன பீட்டர் மிட்செலைப் பல ஆண்டுகள் யாரும் நம்பவில்லை என்பதையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். ஒரு குளுக்கோஸிலிருந்து மொத்தம் 30 முதல் 32 ஏடிபி தேறும். 36, 38 என்று பழைய பாடப் புத்தகங்களில் இருந்த கணக்கு இப்போது கைவிடப்பட்டுவிட்டது.

ஏடிபியைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் சென்னையில் படித்தவர் என்பது நம் மாணவர்கள் பலருக்குத் தெரியாது. 1895-இல் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்துவிட்டு 1920-களின் தொடக்கத்தில் பாஸ்டனுக்குக் கப்பலேறினார். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்குடன் சேர்ந்து பாஸ்பரஸை அளக்க ஒரு முறையை உருவாக்கினார். அந்த முறையைக் கொண்டே 1929-இல் தசையிலிருந்து ஏடிபியை இருவரும் கண்டறிந்தார்கள். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாகக் கண்டறிந்தார். ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்ற பெயரை உயிர்வேதியியல் மாணவர்கள் இன்றும் ஆய்வக நோட்டில் எழுதுகிறார்கள். சுப்பாராவ் யார் என்று ஆசிரியர்கள் ஒரு நிமிடம் சொல்லிவிட்டு ஆரம்பிக்கலாம்.

உடலில் எந்த நேரத்திலும் ஏடிபி இருப்பு மிகச் சொற்பம். ஆனால் ஒரு நாளில் நாம் செலவிடும் ஏடிபியைக் கூட்டிப்பார்த்தால் ஏறக்குறைய நம் உடல் எடைக்கே வரும். அதே மூலக்கூறுகள்தான் நாள் முழுவதும் பிரிந்து பிரிந்து மறுபடி உருவாகின்றன. தெம்பை மொத்தமாக ஏற்றி வைக்க இயலாததற்குக் காரணம் இதுதான்.

நம்பிக்கை: உள்ளே இழுக்கும் ஆக்ஸிஜனே கரியமில வாயுவாக வெளியே வருகிறது

கேட்கச் சரியாகத்தான் படுகிறது. ஆனால் செல்லுக்குள் நடப்பது வேறு. கரியமில வாயு, கிரெப்ஸ் சுழற்சியில் உணவின் கார்பனிலிருந்து வருகிறது, அதில் நாம் சுவாசித்த ஆக்ஸிஜன் நேரடியாகச் சேர்வதில்லை. அந்த ஆக்ஸிஜன் எலெக்ட்ரான் வரிசையின் கடைசியில் நின்று, வந்துசேரும் எலெக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு தண்ணீராகிறது. இப்படி நம் உடம்பு தினமும் கால் லிட்டருக்கும் மேல் தண்ணீரைத் தானே தயாரித்துக்கொள்கிறது.

இந்தக் கடைசி இடம் எவ்வளவு முக்கியம் என்பதை சயனைடு காட்டும். அது போய் அமர்வது சரியாக அங்கேதான். நுரையீரல் இயங்கும், ரத்தத்தில் ஆக்ஸிஜன் நிறைந்திருக்கும், ஆனாலும் செல்லால் அதைப் பயன்படுத்த முடியாது. சில நிமிடங்களில் உயிர் போய்விடும். மரவள்ளிக் கிழங்கிலும் சயனைடை வெளிவிடும் பொருள் இருக்கிறது. குமரி மாவட்டத்து வீடுகளில் மரச்சீனியை அவித்த தண்ணீரைக் கொட்டிவிடுவது நியாயமான பழக்கம்.

நம்பிக்கை: கொழுப்பு வியர்வையாக உருகி ஓடிவிடும்

வியர்வை என்பது உடலின் சூட்டைத் தணிக்க வரும் உப்புத் தண்ணீர். இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு வியர்த்தால் எடை எந்திரத்தில் எண் குறையும், ஒரு சொம்பு தண்ணீர் குடித்ததும் திரும்பிவிடும். 10 கிலோ கொழுப்பு கரைந்தால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறுகிறது, மீதி 1.6 கிலோ தண்ணீராகிறது என்று 2014-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கணக்கிட்டுக் காட்டினார்கள். வேகவேகமாக மூச்சுவிட்டால் இளைத்துவிடலாமா என்றால், முடியாது, தலைசுற்றல்தான் வரும். செல்கள் வேலை செய்தால்தான் கொழுப்பு கரையும்.

கொழுப்பை எரிக்கும் மாத்திரை என்ற விளம்பரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு டைநைட்ரோஃபீனால் நினைவுக்கு வருகிறது. 1930-களில் அமெரிக்காவில் இளைப்பதற்காக விற்ற மருந்து அது. நான் சொன்ன அணையில் ஓட்டை போடுவதுதான் அதன் வேலை: புரோட்டான்கள் டர்பைனைச் சுற்றாமலே கசிந்து திரும்பும், சக்தியெல்லாம் வெறும் சூடாகிவிடும். எடை வேகமாகக் குறைந்தது உண்மை. சிலருக்குக் கண்புரை வந்தது, சிலர் காய்ச்சல் ஏறி ஏறி இறந்தே போனார்கள். 1938-இல் அங்கே அதன் விற்பனைக்கு முடிவு கட்டப்பட்டது. இணையத்தில் இன்றும் அதைத் திருட்டுத்தனமாக விற்கிறார்கள். தயவுசெய்து தொடாதீர்கள்.

நம்பிக்கை: அரசமரமும் துளசியும் இரவிலும் ஆக்ஸிஜன் தரும்

வெளிச்சம் இல்லாமல் எந்தச் செடியும் ஆக்ஸிஜனை வெளிவிடாது. கற்றாழை, கள்ளி போன்றவை இரவில் கரியமில வாயுவை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். அதிலிருந்து கிளம்பிய கதையாக இருக்கலாம். நமக்கு இருப்பதுபோலவே தாவரச் செல்களிலும் மைட்டோகாண்ட்ரியா உண்டு, அவை இரவும் பகலும் சுவாசிக்கின்றன. ஆனால் புளியமரத்தடியில் படுத்தால் கரியமில வாயு மூச்சை அடைத்துவிடும் என்பதும் சரியல்ல. திறந்த வெளியில் அது காற்றோடு கலந்துவிடும்.

நம்பிக்கை: தசை வலிக்குக் காரணம் லாக்டிக் அமிலம்

பழனி மலைப் படி ஏறி இறங்கிய மறுநாள் தொடை வலிக்கும்போது இதைத்தான் சொல்வோம். ஆனால் அந்த அமிலம், அதாவது லாக்டேட், ஓரிரு மணி நேரத்திலேயே ரத்தத்தில் பழைய அளவுக்கு வந்துவிடுகிறது. வலி உச்சத்துக்கு வருவதோ ஒன்றிரண்டு நாள் கழித்து. அது தசை நார்களில் ஏற்பட்ட நுண்ணிய சிதைவின் வலி, இறங்கும்போதே அதிகம் நேர்கிறது. லாக்டேட்டை இதயத் தசை எரிபொருளாகவே பயன்படுத்திக்கொள்கிறது.

நம்பிக்கை: சத்து டானிக்கும் எனர்ஜி டிரிங்கும் அசதியைப் போக்கும்

காபீன் சக்தி எதையும் தருவதில்லை. அசதியை மூளைக்குச் சொல்லும் அடினோசினின் வழியை அது சற்று நேரம் மறிக்கிறது. பி வைட்டமின்களிலும் கலோரி இல்லை. நொதிகள் வேலை செய்ய அவை துணை நிற்கின்றன, குறைபாடு உள்ளவருக்கு மட்டுமே மாத்திரையால் பலன். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, புழுங்கலரிசிச் சோறு சாப்பிடுகிறவர்கள் அதைச் சோற்றிலேயே ஓரளவு பெறுகிறார்கள்.

நாள்பட்ட அசதிக்கு நம் பெண்களிடம் முதலில் தேடவேண்டியது இரும்புச் சத்துக் குறைவை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் இரும்பு இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவில் எலெக்ட்ரான்களைக் கைமாற்றும் புரதங்களிலும் அதே இரும்புதான் இருக்கிறது. அந்தக் குறையை எந்தக் குளுக்கோஸ் பாட்டிலும் தீர்க்காது. இரண்டு வாரத்துக்கு மேல் அசதி நீடித்தால் ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு மூன்றையும் பார்க்கச் சொல்லி மருத்துவரைக் கேளுங்கள். ஹீமோகுளோபின் பரிசோதனையை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே செய்துகொள்ளலாம்.