மனை யாருடையது?

அன்புள்ள தம்பி,

உன் ஆய்வின் அத்தியாயம் வந்தது, படித்துவிட்டேன். அரிசி விலை ஏறிய வருஷங்களையும் கலகம் நடந்த வருஷங்களையும் நேருக்கு நேர் நிறுத்தியிருக்கிறாய். உழைப்பில் குறையில்லை, முடிவில்தான் எனக்குச் சந்தேகம். வயிறு காய்ந்தால் கலகம் என்றால், தாது வருஷப் பஞ்சத்தை என்ன செய்வாய்? 1876 கடைசியில் தானியக் கொள்ளைகள் நடந்தன. சாவு பெருகப் பெருக அவை அடங்கிப்போயின. 1918 செப்டம்பரில் சென்னையில் அரிசிக்கடைகள் சூறையாடப்பட்டபோது ஜனங்களின் கோபம் பதுக்கல் மேல், வியாபாரி வைத்த விலை மேல். டேவிட் அர்னால்டின் 1979ஆம் வருஷக் கட்டுரையை நிதானமாகப் படி. அதே 1918 ஏப்ரலில்தான் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் வைத்தார்கள் என்பதையும் மறந்துவிடாதே.

அடுத்து, கூலி. முழுக்க ரூபாயில் போட்டிருக்கிறாயே! நம் பக்கத்தில் பண்ணைக்குக் கட்டுண்ட படியாளுக்கு அன்று நெல்தான் கூலி. அறுப்புக் காலத்தில் களத்தில் தனியாக மேரை என்ற தானியப் பங்கும் உண்டு. எட்டுப் படி ஒரு மரக்கால் என்பது சரி, ஆனால் எந்த ஊர்ப் படி? பட்டணம் படியா, நிலக்கார மிராசுதார் வீட்டுப் படியா? இதைத் தீர்க்காமல் உன் அட்டவணையில் இரண்டு தசம ஸ்தானம் எதற்கு?

இனி நான் சொல்லவந்தது. அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவின் கலெக்டர் ட்ரெமென்ஹீர், 1891இல் பறையர் மக்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அதில் என்னை நிறுத்திய இடம் கூலி அல்ல, குடிசை. சேரியில் குடிசை நின்ற மனையே பல ஊர்களில் மிராசுதார் வசம். கூலி போதாது என்று வாய் திறந்தால் மனையைக் காலி பண்ணு என்பார். பிறகு எங்கே கலகம்? உன் கணக்கில் ‘அமைதியான வருஷம்’ என்று விழுவது அந்தப் பயமாகவும் இருக்கலாம். அந்த அறிக்கையைத் தொடர்ந்துதான் 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் 1010ஆம் எண் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று இன்றும் வழக்காடுகிறோமே, அது பிறந்த இடம் இது. வருவாய் வாரியம் அறிக்கையை மறுத்து எழுதியதையும் சேர்த்துப் படி. ரூபா விஸ்வநாத்தின் 2014ஆம் வருஷப் புத்தகம் வழிகாட்டும். வெள்ளைக்காரன் வந்துதான் நிலமற்ற கூலிகள் உண்டானார்கள் என்று மூன்றாம் பக்கத்தில் எழுதியிருப்பதை அடித்துவிடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அவர்கள் ஜனத்தொகையில் 10 முதல் 15 சதவீதம் இருந்திருப்பார்கள் என்று தர்மா குமார் 1965லேயே கணித்துவிட்டார்.

எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகிறவன் இதே மனைக் கேள்வியோடு ஒருநாள் பெரும்பாக்கத்துக்கும் போய்விட்டு வா. கூவம் கரையிலிருந்து கொண்டுவந்து குடிவைக்கப்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாதே. பழைய வேலைக்குப் போய்வர எத்தனை மணி நேரம், பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் என்ன செலவு, வீட்டுப் பத்திரம் யார் பேரில் என்றும் கேள். அட்டவணையில் மனைக்கென்று ஒரு பத்தி சேர்த்த பிறகு அடுத்த அத்தியாயத்தை அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்