காற்றில் அஞ்சலாகும் செய்தி: அளவும் தாமதமும்

நெய்வேலிச் சுரங்கத்தில் மேல்மண் கன்வேயர்களின்மீது நெடுந்தூரம் செல்வதைக் கண்டிருப்பீர்கள். ஒரு பட்டை முடியுமிடத்தில் மற்றொன்று சுமையை ஏற்றுக்கொள்கிறது. பட்டைகள் ஐந்தாயினும் பத்தாயினும், ஒரு மணி நேரத்தில் கடைசியில் விழும் டன் அளவு, அவற்றுள் மிகக் குறைந்த திறனுடையதைப் பொறுத்ததே. முதற்கட்டி வந்து சேரும் நேரம் மட்டுமே நீளும். எல்லாப் பட்டைகளும் ஒரே சமயத்தில் ஓடுவதே இதற்குக் காரணம்.

ஊராட்சி அலுவலகம் வரை கண்ணாடி இழை வந்துவிட்ட ஊர்களில், அப்பாலுள்ள குக்கிராமத்துக்கு நடுவே கம்பங்கள் நட்டுக் கம்பியில்லா முறையில் இணைப்புத் தரலாமே என்று உறுப்பினர்கள் வினவுவதுண்டு. தரலாம். ஆனால் காற்று கன்வேயர் அன்று. ஒரே அலைவரிசையில் இயங்கும் கம்பம், கேட்கும்போது பேச இயலாது. ஆகவே ஒரு தாவலில் வினாடிக்கு 6 பங்கு செய்தி செல்லுமாயின், இரண்டு தாவலில் 3 பங்குதான் செல்லும். மூன்று தாவலில், முதற்கம்பம் இரண்டாவதனிடம் பேசும்போது மூன்றாவது கம்பம் வாய் திறந்தால் இரண்டின் ஒலியும் மோதிக் கெடும். எனவே மூன்றும் முறை வைத்துப் பேச, 2 பங்கே மிஞ்சும். அதற்கு மேல் தாவல் கூடினாலும், தொலைவிலுள்ளவை ஒரே சமயத்தில் பேசலாமாதலால், அளவு மேலும் குறையாதிருக்க வேண்டும். நடைமுறை அவ்வாறில்லை. செய்தி புரியாத தூரத்துக்கும் இரைச்சல் எட்டும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர் 2001ஆம் ஆண்டில், நீண்ட தொடரில் நான்கிலொரு பங்கே உச்சவரம்பு என்றும், வழக்கமான வைஃபை விதிகளின்படி ஏழிலொரு பங்களவே தேறுகிறது என்றும் கணினி வழிக் கண்டனர்.

இனி, தாமதத்தைப் பார்ப்போம். கரும்பாலை எடைமேடையில் மணிக்குச் சராசரி 60 வண்டிகளை எடை போடலாம் என்க. வண்டிகள் ஒழுங்கின்றி வருகின்றன. எடை போடும் நேரமும் வண்டிக்கு வண்டி மாறுகிறது. மணிக்கு 30 வண்டி வந்தால் ஒரு வண்டி உள்ளே வந்து வெளியேறச் சராசரி 2 நிமிடம். 54 வந்தால் 10 நிமிடம். 59 வந்தால் முழுதாக ஒரு மணி நேரம்! கடைசி ஐந்து வண்டிகள் செய்யும் வேலை இது. ஒவ்வொரு கம்பத்திலும் செய்திகள் இவ்வாறே வரிசையில் நிற்கின்றன. ஐந்து கம்பமெனில் ஐந்து வரிசை.

2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் நம் மாவட்டத்தின் முந்திரியையும் பலாவையும் சாய்த்ததை எவரும் மறந்திலர். புயல் எச்சரிக்கை சில சொற்களே. அதற்கு அளவு வேண்டுவதில்லை, விரைவு வேண்டும். பிறர் பார்க்கும் திரைப்படத்தின் பின்னால் அது வரிசையில் நிற்கலாகாது. எச்சரிக்கைக்கு முதலிடம் தருமாறு கருவியை அமைக்க முடியும். கேட்டுப் பெறல் வேண்டும்.

நல்ல வழியைத் தேனியில் காணலாம். அங்குள்ள அரவிந்த் கண் மருத்துவமனையைச் சிற்றூர்ப் பார்வை மையங்களுடன் இணைக்க, பெர்க்லிப் பல்கலைக்கழகத்தார் ஒருமுகப்படுத்திய ஆன்டெனாக்களைக் கொண்டு நெடுந்தூர வைஃபை அமைத்தனர். ஒவ்வொரு துணுக்குக்கும் மறுமொழிக்காகக் காத்திராமல், நேரம் வகுத்து மாறி மாறிப் பேச வைத்தனர். இவ்வித இணைப்புகளில் கடத்தும் அளவு இரண்டு முதல் ஐந்து மடங்கு உயர்ந்ததென 2007இல் அறிவித்தனர்.

ஓர் ஊரில் முதற்கம்பத்தடியில் அளந்து காட்டிய வேகத்தை நம்பி மன்றத்தார் ஒப்பமிட்டதை நான் கண்டேன். கடைசிக் கம்பத்தருகே இருந்த பள்ளியில் பாடப் படம் நின்று நின்று ஓடியது. எனவே குட்டையான ஐந்து கம்பங்களைவிட உயரமான இரண்டு மேல். அடுத்தடுத்த தாவலுக்கு வெவ்வேறு அலைவரிசை உண்டா எனக் கேளுங்கள். வேகத்தையும் தாமதத்தையும் கடைசிக் கம்பத்தில், ஊரார் யாவரும் கைப்பேசியை எடுக்கும் மாலை 7 மணிக்கு அளந்து, அதன் பின்னரே பட்டியலில் கையொப்பமிடுங்கள்.