இழுத்தது கை, வருத்தம் மூளையில்

“கையும் காலும் இழுத்துப்போட்டுது. எண்ணெய் போட்டு உருவினால் வந்திடும்.”

பாரிசவாதம் வந்த வீட்டில் யாராவது ஒருவர் இப்படிச் சொல்லிவிடுவார். புறா இரத்தம் பூசச் சொல்பவர்களும் உண்டு, பாவம் புறா. கையில் ஒரு பிழையும் இல்லை. பெரும்பாலும் பெருமூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்திருக்கும், அல்லது வெடித்திருக்கும். அதுவும் எதிர்ப்பக்கத்தில். பெருமூளையிலிருந்து இறங்கும் இயக்க நரம்பு நார்களில் பெரும்பாலானவை, பள்ளிக்கூடத்தில் நீள்வளைய மையவிழையம் என்று பாடமாக்கினோமே, அந்த இடத்தில் மறுபக்கம் தாண்டுகின்றன. வலக்கை விழுந்தால் பார்க்க வேண்டியது இடப்பக்க மூளையை.

அடைப்பா, இரத்தக்கசிவா என்று வெளியில் நின்று பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்கு ஸ்கான் வேண்டும். அடைப்பு என்றால், இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்தை, வருத்தம் தொடங்கிப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். யாழ்ப்பாணத் தீவுகளில், நெடுந்தீவார் அதற்குக் குறிகட்டுவானுக்குப் படகேறிக் கடல் தாண்ட வேண்டியவர்கள். சரவணை ஊராருக்கு அந்தக் கஷ்டம் இல்லை. பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணம் வரை தரைவழி, 1990க்கு அடித்தால் இலவச அம்புலன்ஸ். அப்படியிருந்தும் அந்த மணித்தியாலங்கள் எண்ணெய் சூடாக்குவதில் போனால் யாரைக் குறை சொல்வது? வாய் ஒரு பக்கம் கோணினால், தூக்கிய கை தானாகக் கீழே இறங்கினால், பேச்சுக் குழறினால் உடனே வெளிக்கிட வேண்டும். தெம்புக்கென்று சோடாவோ தேத்தண்ணியோ பருக்கக் கூடாது. விழுங்குவதையும் நடத்துவது மூளைதான். அது தடுமாறியிருந்தால் குடித்தது நுரையீரலுக்குள் போய்விடும். பிறகு வைத்தியசாலையில் தரும் உடற்பயிற்சி வேறு. அது தசையை உருவுவதல்ல, மிஞ்சிய மூளைக்குப் பழைய வேலையைத் திரும்பப் பழக்குவது.

“பேச்சு வரேல்லை, ஆளுக்கு அறிவும் கலங்கிப் போச்சு.” இது அதைவிடக் கொடுமை. பெரும்பாலானோருக்கு மொழியை ஆள்வது பெருமூளையின் இடப்பாதி. 1861இல் பாரிஸில் போல் புரோக்கா என்ற வைத்தியர், ஏறக்குறைய ஒரே ஒரு அசையை மட்டும் சொல்ல முடிந்த நோயாளி இறந்தபின் அவரது மூளையை ஆராய்ந்து, இடப்பக்க முன்பகுதியில் சிதைவு இருந்ததைக் காட்டினார். அந்த இடம் பழுதானவருக்குப் பல வேளைகளில் நாம் சொல்வது விளங்கும், பதில்தான் வராது. ஒரு வசனத்துக்குத் திணறுகிற சிலர், சிறுவயதில் பழகிய தேவாரத்தைப் பண்ணோடு பாடிவிடுவதும் உண்டு. பேச்சிழந்தவர் முன்னாலேயே காணி பிரிக்கும் கதை கதைப்பவர்கள், அவருக்கு அது விளங்கக்கூடும் என்பதை யோசிக்க வேண்டும்.

இதேபோல, வலிப்பு வந்தவருக்குத் திறப்பைக் கையில் கொடுக்கிறார்கள். பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக அடங்கும். திறப்பைத் தேடி எடுத்து வரவும் அவ்வளவு நேரம்தான் பிடிக்கும். பெயர் திறப்புக்கு. ஆளை ஒருபக்கமாகச் சரித்துவிடுங்கள், வாய்க்குள் எதையும் வைக்காதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் அம்புலன்ஸ்.

கள்ளுக் குடித்தவரின் கால் பின்னுகிறதே, அதுவும் காலின் குற்றமல்ல. சமநிலை பார்க்கும் சிறுமூளை மயங்கிவிட்டது. எடையில் அது முழு மூளையின் பத்தில் ஒரு பங்குதான். நரம்புக் கலங்களிலோ ஐந்தில் நாலு பங்கு அங்கேதான் இருக்கிறது.

இனி, போர் கண்ட மண்ணில் கேட்கக் கூடாத ஒன்று: “இல்லாத கால் எப்படி நோகும்? நடிப்பு.” மிதிவெடியில் கால் போன பலருக்குப் போன காலின் விரல் நோகிறது. பெருமூளையின் மேற்பரப்பில் உடம்புக்கு ஒரு வரைபடம் உண்டு. கால் வெட்டுப்பட்டாலும் அதில் காலுக்கான இடம் அழிவதில்லை. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன், கை இழந்தவர்களைக் கண்ணாடிப் பெட்டி முன் இருத்தி, இருக்கும் கையின் விம்பத்தைப் போன கையின் இடத்தில் தெரியச் செய்தார். அதை அசைக்க, சிலருக்கு இறுகிக் கிடந்த ‘கை’ விரிந்தது. எல்லாருக்கும் அது பலிப்பதில்லை. ஆனால் அந்த நோ நடிப்பல்ல. வைத்தியரிடம் தயங்காமல் சொல்லலாம், அதற்கு மருந்தும் உண்டு.