நாள்மீன்களின் வாழ்வும் முடிவும்

வானில் ஒளிர்வனவற்றை நம் முன்னோர் நாள்மீன் என்றும் கோள்மீன் என்றும் பகுத்து வழங்கினர். இடம்பெயர்ந்து திரிவன கோள்மீன்கள். நிலைத்து நிற்பனவாகத் தோன்றுவன நாள்மீன்கள். அந்நாள்மீன்களுக்கும் பிறப்பும் மூப்பும் இறப்பும் உண்டு. மார்கழித் திங்களில் முன்னிரவில் கீழ்வானை நோக்குவோமாயின், அப்பருவங்களை ஒருசேரக் காணலாம்.

ஓரியன் என்னும் வேட்டுவன் உருவின் இடையில் மூன்று மீன்கள் வரிசையாக நிற்கும். அவற்றின் அருகே மங்கிய புகைபோல் தோன்றுவது, ஏறத்தாழ 1,350 ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள முகிற்படலம். அங்கு ஹைட்ரஜன் வளியும் தூசும் தம் ஈர்ப்பினாலேயே சுருங்குகின்றன; சுருங்கச் சுருங்க வெப்பம் மிகுகின்றது. நடுவண் வெப்பம் ஒரு கோடிப் பாகையளவை எட்டியதும், ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாகின்றன. விண்மீன் பிறந்துவிட்டது. உள்ளிழுக்கும் ஈர்ப்பும் வெளித்தள்ளும் அழுத்தமும் நிகராக நிற்கும் வரை அது வாழும்.

சங்கப் புலவர் அறுமீன் என்றும், அரபு மக்கள் துரையா என்றும் அழைத்த கார்த்திகைக் கூட்டத்தில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட மீன்கள் உள. ஒரே முகிலில் தோன்றிய உடன்பிறப்புகள் அவை. அகவை ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகள். 460 கோடி ஆண்டுகள் கண்ட கதிரவனுக்கு முன் இவை சிறு குழந்தைகளே.

கார்த்திகையைப் பின்தொடர்ந்து எழுவதால், ‘தொடர்வது’ எனப் பொருள்படத் தபரான் என்று அரபியர் பெயரிட்ட மீனே நம் உரோகிணி. தமிழிலும் அரபியிலும் வானைப் பார்த்தோர் பெயரிட்ட திறம் தனியே ஆய்தற்குரியது. உரோகிணியின் நடுவில் ஹைட்ரஜன் தீர்ந்துவிட்டது. எனவே அது கதிரவனினும் 40 மடங்கிற்கு மேல் பருத்துச் சிவந்துள்ளது. ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகளுக்குப் பின் கதிரவனுக்கும் இந்நிலையே வரும். பின்னர் மேலுறை கழன்று, புவியளவினதாகிய வெண்குறுமீன் எஞ்சும்.

எல்லா விண்மீனும் இவ்வாறு அமைதியாக ஓய்ந்துவிடுமா? இவ்வினாவைக் கணக்கிட்டு ஆராய்ந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930ஆம் ஆண்டு, தம் 19ஆம் அகவையில், இங்கிலாந்து நோக்கிச் சென்ற கப்பலிலேயே அக்கணக்கைத் தொடங்கினார். வெண்குறுமீனின் நிறை கதிரவனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கைக் கடக்குமாயின், அதனால் நிலைத்து நிற்கவியலாது என்பது அவர் கண்ட முடிவு. 1935இல் எடிங்டன் என்னும் பேரறிஞர் அதனை அவையறிய எள்ளினார். இளைஞர் தம் கணக்கினைக் கைவிடவில்லை. 1983இல் நோபல் பரிசு அவரை நாடி வந்தது.

நிறை மிக்கது நெடுநாள் வாழும் என்று எண்ணத் தோன்றும். வானிலோ அது தலைகீழ். பெருமீன் தன் எரிபொருளை விரைந்து செலவிடும். கதிரவனினும் பன்மடங்கு நிறையுடைய ஆதிரை ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டிலேயே முதுமை எய்திவிட்டது. 2019 இறுதியில் அது மங்கத் தொடங்கவே, வெடிக்கப் போகிறதோ எனப் பலர் ஐயுற்றனர். மறைத்தது அதுவே உமிழ்ந்த தூசு எனப் பின்னர் அறிந்தோம். ஆயினும் முடிவு உறுதி. இரும்பு வரை தனிமங்களைச் சமைத்தபின், ஆற்றல் தர ஏதுமின்றி அதன் நடுப்பகுதி நொடியில் நொறுங்கும்; புறப்பகுதி வெடித்துச் சிதறும்.

அத்தகைய முடிவினை 1054இல் சீன வானியலார் கண்டெழுதினர். அம்மீன் 23 நாள்கள் பகலிலும் தெரிந்ததாம். உரோகிணி உறையும் எருதின் கொம்பருகே தொலைநோக்கியைத் திருப்பினால் அதன் எச்சத்தை இன்றும் காணலாம். அதன் நடுவே ஒரு நகரளவே உள்ள நியூட்ரான் விண்மீன் நொடிக்கு 30 முறை சுழல்கின்றது. சிதறிய வளி நொடிக்கு ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் விரைவில் இன்னும் பரவிக்கொண்டிருக்கின்றது.