இறக்கையுடல் விமானத்துக்குப் பிரயாணி அறை வகுக்கும் முறை

உடல் இது, இறக்கை இது என்று பிரித்துக் காட்ட முடியாதபடி இரண்டும் இழைந்து ஒரே விரிந்த வடிவாக அமைந்த ஆகாய விமானத்தை இறக்கையுடல் விமானம் என்போம். மக்டொனல் டக்ளஸ் நிறுவனத்தில் ராபர்ட் லீபெக் முதலிய பொறியியலாளர்கள் நாசாவின் ஆதரவோடு ஆராய்ந்த இவ்வடிவம், 2007 ஜூலை 20 அன்று எக்ஸ்-48பி என்னும் ஆளில்லாச் சிறு மாதிரியாக வானேறியது. 2020இல் சிங்கப்பூர் கண்காட்சியில் ஏர்பஸ் நிறுவனம் மேவரிக் என்ற தன் மாதிரியைக் காட்டியது. நம் மலேசியாவில் ஷா ஆலம் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தாரும் இவ்வடிவில் ஆளில்லா விமானங்களை ஆராய்ந்திருக்கிறார்கள். எனினும் பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் இறக்கையுடல் விமானம் இன்னும் சேவைக்கு வரவில்லை. ஆகவே அதன் உள்ளறை எப்படி இருக்கவேண்டும் என்ற கேள்வி யாவருக்கும் திறந்தே கிடக்கிறது.

கெடாவின் வடகோடியில், புக்கிட் காயு ஹீத்தாமில், போயிங் நிறுவனத்தின் தொழிற்சாலை கலப்புப் பொருளாலான விமான உறுப்புகளைச் செய்கிறது. லங்காவியில் 1991 முதல் விமானக் கண்காட்சி நடந்து வருகிறது. உறுப்புகளைச் செய்யும் கைகள் இங்கே இருக்கும்போது, முழு விமானத்தையும் யோசிக்கும் மனங்களும் சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் பீடோங்கைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வளரவேண்டும் என்ற ஆசையால், மாணவரும் ஆசிரியரும் செய்து பார்க்கத்தக்க ஒரு முறையை இங்கே விவரிக்கிறேன்.

வேண்டிய சாமக்கிரியைகள் சிலவே: பூப்பந்து ஆடுகளம் உள்ள பொதுமண்டபம், அளவு நாடா, ஒட்டு நாடா, நூற்றுச் சொச்சம் நாற்காலிகள், கடிகாரம், கணக்குப் புத்தகம்.

1. அசையாதவற்றை முதலில் நிர்ணயியுங்கள். எதையும் எங்கும் நகர்த்தலாம் என்று தொடங்குகிறவன் முடிவில் எதையும் நகர்த்த முடியாமல் திகைப்பான். தோட்டத்து லயத்தில் வீட்டுக்கு வீடு நடுவே நிற்கும் சுவரே கூரையையும் தாங்குவதுபோல, இவ்விமானத்தில் அறைக்கு அறை நடுவே நிற்கும் தடுப்புகள் இறக்கையின் விலாச்சட்டங்களாகவும் இருந்து, உள்ளிருந்து தள்ளும் காற்றழுத்தத்தைத் தாங்க உதவுகின்றன. அவற்றை இடிக்க இயலாது. ஆடுகளம் 13.4 மீட்டர் நீளமும் 6.1 மீட்டர் அகலமும் உடையது. அதன் ஒரு நீளக்கோட்டை விமானத்தின் நடுக்கோடாகக் கொண்டு, அகலத்தை இரண்டாகப் பகுத்து, ஏறத்தாழ 3 மீட்டர் அகலமுள்ள இரண்டு நீளறைகளை ஒட்டு நாடாவால் குறியுங்கள். முன்னும் பின்னும் ஒன்றரை மீட்டரை வாசலுக்கும் கழிப்பறைக்கும் சமையற்பகுதிக்கும் ஒதுக்குங்கள்.

2. இருக்கைகளை அடுக்குங்கள். நடைவழிக்கு இருபுறமும் இரண்டிரண்டு இருக்கைகளாக, வரிசைக்கு வரிசை 80 சென்டிமீட்டர் இடைவெளியில் அமைத்தால், அறைக்கு 13 வரிசைகளில் 52 பேர். இரு அறைகளிலும் 104 பேர். பெரிய விமானத்தின் நடைவழி முழங்காலுக்குச் சற்று மேல்வரை 38 சென்டிமீட்டரும் அதற்கு மேல் 51 சென்டிமீட்டரும் குறையாமல் இருக்கவேண்டும் என்பது அமெரிக்க விதி. நம் அமைப்பில் அதைவிட விசாலமான வழி கிடைக்கும். அதை மேலும் ஓர் இருக்கைக்குப் பலியிடாதீர்கள். நடக்க மாட்டாத முதியவரைத் தாங்கி அழைத்துச் செல்ல அவ்விசாலமே உதவும்.

3. நெகிழும் பகுதியை வகுங்கள். விமானத் தரையில் ஓடும் தண்டவாளத்தில் இருக்கைகளை 2.54 சென்டிமீட்டர் அளவான படிகளில் நகர்த்தலாம். ஆனால் குழாயும் வடிகாலும் மின்கம்பியும் அவ்வளவு எளிதில் நகரமாட்டா. 1995இல் சேவைக்கு வந்த போயிங் 777 விமானத்தில், சமையற்பகுதியும் கழிப்பறையும் அமையக்கூடிய இடங்களுக்கு இவ்வசதிகளை முன்கூட்டியே கொடுத்து வைத்தார்கள். அந்த யுக்தியே நமக்கும் வழிகாட்டி. நடுக்கோட்டை அடுத்த உள்ளறையின் முதல் மூன்று வரிசைகளை நெகிழும் பகுதியாகக் கொள்ளுங்கள். பண்டிகைக் காலத்தில் அங்கே 12 பேர் அமரலாம். மற்ற நாளில் அந்த 2.4 மீட்டர் நீளத்தில் நோயாளியின் படுக்கையோ சக்கர நாற்காலிகளோ இடம்பெறலாம்.

4. ஆட்டத்தைக் கணக்கிடுங்கள். விமானம் பக்கவாட்டில் சாயும்போது நடுக்கோட்டிலிருந்து விலகியவர் அதிகமாக ஏறி இறங்குவார். வினாடிக்கு 5 பாகை சாய்ந்தால், சாதாரண விமானத்தில் நடுவிலிருந்து 1.5 மீட்டர் தள்ளி ஜன்னலோரம் இருப்பவர் வினாடிக்குச் சுமார் 13 சென்டிமீட்டர் வேகத்தில் ஏறுவார். நம் வெளியறையில் 6 மீட்டர் தள்ளி இருப்பவரோ ஏறத்தாழ அரை மீட்டர் வேகத்தில் ஏறுவார். ஆகவே நோயாளரையும் குழந்தையோடு வருவோரையும் உள்ளறையில் அமர்த்துங்கள். அங்கே ஜன்னல் இல்லாமையால், வெளிக்காட்சி காட்டும் திரையையும் நல்ல வெளிச்சத்தையும் படத்திலேயே குறித்துவிடுங்கள்.

5. பாரத்தை நிறுத்துப் பாருங்கள். வால் இல்லாத இவ்விமானத்தில் பாரமையம் முன்பின் நகரக்கூடிய எல்லை குறுகியது. 100 டன் விமானத்தில், ஆளுக்கு 100 கிலோவாகப் பத்துப் பேரை 6 மீட்டர் பின்னே மாற்றினால் பாரமையம் 6 சென்டிமீட்டர் பின்வாங்கும். ஒவ்வோர் அமைப்புக்கும் இருக்கையின் எடையையும் தூரத்தையும் பெருக்கி எழுதுங்கள். முன்னே பாரம் குறைந்தால் எங்கே ஈடுசெய்வதென்று அப்போதே தீர்மானியுங்கள்.

6. வெளியேறும் பரீட்சை நடத்துங்கள். 44 இருக்கைகளுக்கு மேற்பட்ட விமானத்திலிருந்து, பாதி வாசல்களை மட்டும் கொண்டு, இருளில், 90 வினாடிகளுக்குள் யாவரும் வெளியேற முடியும் என்று நிரூபிக்கவேண்டும். 107 சென்டிமீட்டர் அகலமும் 183 சென்டிமீட்டர் உயரமும் உள்ள பெருவாசல் ஜோடி ஒன்றுக்கு 110 பிரயாணிகள் வரை கணக்கிடலாம் என்பதும் அமெரிக்க விதி. இரு அறைகளுக்கும் பொதுவாக முன்புறம் அவ்வகலத்தில் ஒரே வாசலைத் திறந்துவைத்து, விளக்கெரியும் மண்டபத்தில், ஓடாமல் நடந்தே வெளியேறச் சொல்லுங்கள். இருளையும் அவசரத்தையும் நம் மண்டபத்தில் சோதிப்பது அபாயம். எனவே கிடைக்கும் நேரத்தைச் சான்றாகக் கொள்ளாமல், நெரிசல் எங்கே கட்டுகிறது என்று காண்பதற்கே பயன்படுத்துங்கள். பின்பு முன்வாசலை அடைத்துப் பின்வாசலைத் திறந்து மறுபடியும் செய்யுங்கள்.

7. ஒவ்வோர் அமைப்பையும் தனித்தனியே ஒப்புக்கொள்ளுங்கள். 104 பேர் அமைப்பு தேறியது என்பதற்காக 92 பேரும் ஒரு படுக்கையும் உள்ள அமைப்பு தானே தேறிவிடாது. ஆட்கள் குறைந்தபோதிலும் படுக்கை வழியை மறித்திருக்கலாம். ஆட்டம், பாரம், வெளியேற்றம் ஆகிய மூன்றிலும் தேறிய அமைப்பை மட்டுமே படமாக வரைந்து, அளவுகளோடு கையொப்பமிட்டு வையுங்கள்.

மூன்று பரீட்சைகளையும் நடத்தும்போது, வாசலுக்கு மிகத் தொலைவான இருக்கையில் யாரேனும் ஒரு பெரியவரை அமர்த்தி, அவர் சொல்வதை முதலில் கேளுங்கள். அவருக்குச் சௌகரியமும் அபயமும் தரும் அறையை வகுத்தவன், மற்ற இருக்கைகளுக்கு வேண்டிய நியாயத்தையும் அநேகமாகச் செய்து முடித்தவனாவான்.