இலவசமும் எழுத்தறமும்

பகாங் மாநிலத்தின் வடமேற்குப் பகுதியில் அமைந்துள்ளது கேமரன் மலை. 1885-ஆம் ஆண்டில் இம்மலைப் பகுதியை ஆராய்ந்த நில அளவையாளர் வில்லியம் கேமரனின் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. 1929-இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரசல் இங்குப் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் 'பாரத்' தேயிலைத் தோட்டம் உருவாயிற்று. காடு திருத்தி, செடி நட்டு, கொழுந்து பறித்து இத்தோட்டங்களை வளர்த்தவர்களுள் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்களின் பங்கு பெரிது.

இன்று தேயிலை மட்டுமே இம்மலையின் வாழ்வாதாரம் அன்று, சுற்றுலாவும் முக்கியமானது. ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் ஆகிய ஊர்களில் தங்கும் விடுதிகளும் உணவகங்களும் நிறைந்துள்ளன. ஸ்ட்ராபெரி தோட்டங்கள், தேன் கடைகள், காய்கறி அங்காடிகள், இரவுச் சந்தை எனச் சிறியதும் பெரியதுமாகப் பல தொழில்கள் வருகையாளர்களை நம்பியே நடைபெறுகின்றன.

நம்பிக்கை எங்கிருந்து வருகிறது?

முன்பெல்லாம் மலைக்குச் செல்ல விரும்புவோர், ஏற்கெனவே சென்று வந்த உறவினரிடம் விவரம் கேட்பர். "எந்த விடுதி நல்லது? எங்கே தேயிலை வாங்கலாம்?" என்ற கேள்விகளுக்கு அத்தையோ மாமாவோ விடை சொல்வார். அவர் சொன்னதை நாம் நம்பியதற்குக் காரணம் உண்டு. அந்த விடுதியைப் பாராட்டுவதால் அவருக்குத் தனிப்பட்ட இலாபம் எதுவும் இல்லை.

இன்று அந்த உறவினரின் இடத்தை வலைப்பதிவர்களும் சமூக ஊடகப் பிரபலங்களும் பிடித்துள்ளனர். கைப்பேசியில் அவர்களுடைய எழுத்தையும் படத்தையும் பார்த்தே பலர் பயணத்தைத் திட்டமிடுகின்றனர். நட்போடு பேசும் அவர்களின் நடை, வீட்டார் சொல்வதுபோன்ற உணர்வைத் தருகிறது. ஆனால், அவர்களுள் பலருக்கும் நிறுவனங்களுக்கும் இடையே தொடர்பு இருக்கலாம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 2007-இல் 'நஃப்நாங்' என்ற நிறுவனம் தோன்றி, வலைப்பதிவர்களையும் விளம்பரதாரர்களையும் இணைத்தது. அதுமுதல் பொழுதுபோக்காக எழுதியவர்கள்கூட வருமானம் ஈட்டத் தொடங்கினர்.

இத்தொடர்பு பல வடிவங்களில் அமையும். பணம் பெற்று எழுதுவது ஒன்று. பொருளை இலவசமாகப் பெறுவது, கட்டணமின்றித் தங்குவது, தமது பக்கத்தின்வழி யாரேனும் பொருள் வாங்கினால் தரகுத்தொகை பெறுவது, நிறுவனத்தின் சார்பில் வாசகர்களுக்குப் பரிசு வழங்குவது ஆகியவை பிற. உரிமையாளர் உறவினராகவோ நண்பராகவோ இருப்பதும் ஒருவகைத் தொடர்பே.

கொடுப்பது குற்றமா?

இலவசமாகக் கொடுப்பதும் பெறுவதும் தம்மளவில் குற்றமல்ல. தேயிலையின் வரலாற்றிலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. இந்தியாவில் 1903-இல் தேயிலைக்கு ஒரு தீர்வை விதிக்கப்பட்டு, அதில் திரண்ட பணம் தேநீரைப் பரப்பும் பணிக்குச் செலவிடப்பட்டது. 1930-களில் செயல்விளக்கக் குழுவினர் ஊர் ஊராகச் சென்று, தேநீர் தயாரிக்கும் முறையைக் காட்டி இலவசமாகக் குடிக்கவும் கொடுத்தனர். தேநீர்ப் பழக்கம் வேரூன்ற இம்முயற்சியும் துணைநின்றது.

அங்கே கொடுத்தவர் யார் என்பது மறைக்கப்படவில்லை. தேயிலை விற்பனையை வளர்க்க வந்தவர்கள் என்பதை மக்கள் அறிந்திருந்தனர். அறிந்தே குடித்தனர், பிடித்தவர்கள் வாங்கினர், பிடிக்காதவர்கள் விலகினர். கொடுத்தவர் மறைந்துகொண்டு, பெற்றவர் மட்டும் பொதுமக்களுள் ஒருவர்போல் வந்து புகழும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

பொய் சொல்லாமலே தவறான வழி காட்டலாம்

ஒரு நிலையைக் கற்பனை செய்வோம். ஒரு விடுதி வலைப்பதிவர் ஒருவரை இரண்டு இரவுகள் இலவசமாகத் தங்க அழைக்கிறது. பள்ளத்தாக்கை நோக்கிய மிகச் சிறந்த அறை அவருக்கு ஒதுக்கப்படுகிறது. உரிமையாளரே நேரில் வந்து உபசரிக்கிறார். மகிழ்ந்துபோன வலைப்பதிவர், "இம்மலையில் இதைவிடச் சிறந்த விடுதி இல்லை" என எழுதுகிறார். இலவசமாகத் தங்கியதை மட்டும் குறிப்பிடவில்லை.

கிள்ளானில் வாழும் ஒரு குடும்பம் இதைப் படிக்கிறது. பல மாதங்கள் சேமித்த பணத்தில் பள்ளி விடுமுறைக்கு அங்கு வருகிறது. அவர்களுக்குக் கிடைத்ததோ பின்புறம் இருக்கும் ஈரம் படிந்த அறை. குளிர் மிகுந்த மலையில் வெந்நீரும் வரவில்லை. குறைகூறினால் கேட்பதற்கும் ஆளில்லை.

வலைப்பதிவர் பொய் எழுதினாரா? இல்லை. தாம் கண்டதையே எழுதினார். ஆனால், அவர் கண்ட விடுதி வேறு. பணம் கட்டியவர்கள் கண்ட விடுதி வேறு. "அழைப்பின் பேரில் இலவசமாகத் தங்கினேன்" என்ற ஒரு வரி இருந்திருந்தால், அக்குடும்பம் சற்று நிதானித்து மற்றவர்களின் கருத்தையும் தேடியிருக்கும். இலவசம் ஒருவரின் நாவை மட்டுமன்று, கண்ணையும் மாற்றும். நன்றியுணர்வு குறைகளைச் சிறிதாக்கிக் காட்டும். எனவேதான், "என் கருத்து உண்மையானது, பிறகு ஏன் சொல்ல வேண்டும்?" என்ற வாதம் நிற்பதில்லை.

பாதிக்கப்படுபவர் வாசகர் மட்டுமல்லர். சாலையோரத்தில் அவித்த சோளம் விற்கும் மூதாட்டியால் யாருக்கும் அன்பளிப்புப் பொட்டலம் அனுப்ப முடியாது. மறைமுக விளம்பரம் பெருகும் இடத்தில், நல்ல பொருளை நியாய விலைக்கு விற்கும் சிறு வணிகர் கண்ணுக்குத் தெரியாமற்போகிறார். உண்மை வெளியாகும் நாளில் எழுதியவரும் நம்பிக்கையை இழக்கிறார். அவரோடு நேர்மையாக எழுதும் மற்றவர்களும் ஐயத்துக்கு ஆளாகின்றனர்.

அண்டை நாடு தந்த பாடம்

2015-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் சிங்கப்பூரில் இத்தகைய சிக்கல் ஒன்று பெரிதாக வெடித்தது. சிங்டெல் நிறுவனத்தின் இளையோருக்கான கைப்பேசித் திட்டத்தை விளம்பரப்படுத்தும் பணியைக் 'குஷ்கிளவுட்' என்ற நிறுவனம் மேற்கொண்டிருந்தது. போட்டி நிறுவனங்களான எம்1, ஸ்டார்ஹப் ஆகியவற்றின் சேவையைக் குறைகூறுமாறு பதிவர்களுக்கு வழங்கப்பட்ட குறிப்பை, 'சியாஷுவே' என்ற புனைபெயரில் எழுதிவந்த வலைப்பதிவர் வெளிப்படுத்தினார். சாதாரணப் பயனீட்டாளரின் மனக்குறையாகத் தோன்றிய பதிவுகளின் பின்னணியில் விளம்பரத் திட்டம் இருந்தது கண்டு மக்கள் சினமுற்றனர். சிங்டெல் மன்னிப்புக் கேட்டு, குஷ்கிளவுட்டுடன் கொண்டிருந்த தொடர்பையும் முடித்துக்கொண்டது. அடுத்த ஆண்டில் சிங்கப்பூர் விளம்பரத் தர ஆணையம் சமூக ஊடக விளம்பரங்களுக்கென வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. புகழ்ச்சிக்கு மட்டுமன்றி, இகழ்ச்சிக்கும் விலை பேசப்படலாம் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

சட்டமும் நெறிமுறையும்

மலேசியாவில் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பொருள் அல்லது சேவை பற்றித் தவறான எண்ணத்தை உருவாக்கும் செயலைத் தடைசெய்கிறது. கொடுக்கும் எண்ணமே இல்லாமல் பரிசும் இலவசமும் அறிவிப்பதையும் அச்சட்டம் குற்றமாகக் கருதுகிறது. வாங்கிய பொருளாலோ சேவையாலோ இழப்புற்ற பயனீட்டாளர், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்திடம் கொண்டு செல்லலாம். 2022-இல் திருத்தி வெளியிடப்பட்ட தொடர்பு, பல்லூடக உள்ளடக்க நெறிமுறை, சமூக ஊடகப் பிரபலங்கள் விளம்பரத்துக்காகப் பெறும் கைம்மாற்றை வெளிப்படுத்த வேண்டும் என்கிறது.

மற்ற நாடுகளும் இதே திசையில் நடக்கின்றன. அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் 2009-இல் தன் வழிகாட்டியைத் திருத்தி, பணமோ பொருளோ பெற்று எழுதும் வலைப்பதிவர்கள் அதைத் தெரிவிக்க வேண்டும் என்றது. இந்தியாவில் விளம்பரத் தர மன்றம் 2021-இலும், மத்திய அரசின் பயனீட்டாளர் துறை 2023 ஜனவரியிலும் இது குறித்து வழிகாட்டி நெறிகளை வெளியிட்டன.

எப்படிச் சொல்வது?

வெளிப்படுத்துவதிலும் முறை உண்டு. "விடுதியாருக்கு நன்றி!" என்று எழுதினால் போதாது, பணம் கட்டித் தங்கியவரும் நன்றி சொல்லலாம் அல்லவா? பதிவின் கடைசியில் பல குறிச்சொற்களுக்கு நடுவே ஒரு சொல்லை ஒளித்துவைப்பதும் பயன் தராது. தமிழில் எழுதிவிட்டு, விளம்பரம் என்பதை மட்டும் வேறு மொழியில் குறிப்பதும் முறையன்று. வாசகர் படிக்கும் மொழியில், பதிவின் தொடக்கத்திலேயே, ஐயத்துக்கு இடமின்றிச் சொல்ல வேண்டும். காணொளியாயின் வாயால் சொல்வதோடு திரையிலும் எழுத்தாகக் காட்டலாம். எடுத்துக்காட்டாக, இப்படி எழுதலாம்:

"இவ்விடுதியின் அழைப்பை ஏற்று, இரண்டு இரவுகள் கட்டணமின்றித் தங்கினோம். என்ன எழுத வேண்டும் என்று அவர்கள் நிபந்தனை விதிக்கவில்லை. வெளியிடுமுன் இப்பதிவை அவர்கள் படிக்கவும் இல்லை. எங்களுக்குத் தரப்பட்டது பள்ளத்தாக்கை நோக்கிய அறை. மற்ற அறைகளை நாங்கள் பார்க்கவில்லை."

இதில் ஐந்து வாக்கியங்களே உள்ளன. ஆயினும், பெற்றது என்ன, நிபந்தனை உண்டா, பார்த்தது எவ்வளவு என்ற மூன்றும் தெளிவாகின்றன.

பரிசுப் போட்டி நடத்துவோர்க்கும் கடமைகள் உண்டு. பரிசை வழங்கும் நிறுவனம் எது, பரிசுகள் எத்தனை, இறுதி நாள் எது, வெற்றியாளர் எப்படித் தேர்ந்தெடுக்கப்படுவார், அனுப்பும் செலவு யாருடையது என்பவற்றை முதலிலேயே அறிவிக்க வேண்டும். பங்கேற்போரிடமிருந்து தேவைக்கு மேல் சொந்த விவரங்களைக் கேட்கக்கூடாது. சொந்தக்காரருக்கோ நண்பருக்கோ பரிசு போகும்படி செய்வது ஏமாற்று வேலையே.

தேநீர்ச் சுவைஞர் காட்டும் வழி

வெளிப்படுத்திவிட்டால் எதையும் புகழலாம் என்று எண்ணுவதும் தவறு. மதிப்பீடு நேர்மையாக இருக்க வேண்டும். இதற்குத் தேயிலைத் தொழிலே நல்ல முன்மாதிரியைத் தருகிறது. தேயிலையின் தரத்தை அறியும் சுவைஞர், மாதிரிகளை வரிசையாக வைத்து ஒரே முறையில் சோதிக்கிறார். 1980-இல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 3103 என்னும் அனைத்துலகத் தரவிதி, 100 மில்லிலிட்டர் நீருக்கு 2 கிராம் தேயிலை, ஊறும் நேரம் 6 நிமிடம் என வரையறுக்கிறது. ஒரு மாதிரிக்குத் தூளைக் கூட்டி, மற்றொன்றுக்கு நேரத்தைக் குறைத்தால் ஒப்பீடு பொய்யாகிவிடும்.

எழுதுவோருக்கும் இவ்வொழுங்கு தேவை. பணம் கொடுத்து உண்ட உணவில் எந்தக் குறையைச் சுட்டுவோமோ, அதே குறையை இலவசமாகக் கிடைத்த உணவிலும் சுட்ட வேண்டும். அது முடியாதெனத் தோன்றினால், அந்த அழைப்பை மறுப்பதே நன்று.

தோட்டத்தில் வளரும் இளையோரும் இன்று தம் ஊரைப் பற்றி எழுதுகின்றனர். தோட்டத்துத் தேயிலையைப் பாராட்டும் மாணவர், "என் தந்தை இங்குப் பணிபுரிகிறார்" எனச் சேர்த்து எழுதலாம். இதனால் எழுத்தின் மதிப்புக் குறையாது. கொழுந்து பறிக்கும் பக்குவத்தையும் ஆலையின் மணத்தையும் அருகிருந்து அறிந்தவர் எழுதுகிறார் என்று வாசகர் விரும்பிப் படிப்பர்; உறவையும் கணக்கில் கொண்டு எடைபோடுவர்.

திருக்குறளில் 'நடுவுநிலைமை' என்பதற்கென ஓர் அதிகாரமே உள்ளது. பொருளை எடைபோடும் தராசு வாசகரின் கையில் இருக்கிறது. தான் பெற்றதை மறைக்கும் எழுத்தாளர் அத்தராசின் ஒரு தட்டின் அடியில் விரலை வைக்கிறார். விரலை எடுத்துவிட்டால் போதும். முடிவை வாசகரே நன்றாகச் செய்துகொள்வார்.

அருஞ்சொற்பொருள்

தீர்வை – அரசு விதிக்கும் வரி
தரகுத்தொகை – விற்பனைக்கு உதவியதற்காகப் பெறும் பங்கு
கைம்மாறு – ஒன்றைச் செய்ததற்கு ஈடாகப் பெறுவது
பயனீட்டாளர் – பொருளையோ சேவையையோ வாங்கிப் பயன்படுத்துபவர்
சுவைஞர் – சுவைத்துத் தரத்தை மதிப்பிடுபவர்

கருத்துணர் கேள்விகள்

1. வலைப்பதிவருக்கும் நிறுவனத்துக்கும் இடையே அமையக்கூடிய தொடர்புகளுள் நான்கினைக் குறிப்பிடுக.
2. 1930-களில் தேநீரை இலவசமாக வழங்கியதற்கும் மறைமுக விளம்பரத்துக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. "இலவசம் ஒருவரின் நாவை மட்டுமன்று, கண்ணையும் மாற்றும்" – இக்கூற்றை விடுதி எடுத்துக்காட்டின் துணையுடன் விளக்குக.
4. தேநீர்ச் சுவைஞரின் சோதனை முறையிலிருந்து எழுதுவோர் கற்க வேண்டியது என்ன?
5. உங்கள் ஊரிலுள்ள உணவகம் ஒன்று உங்களுக்கு இலவச விருந்தளித்து, அதனைப் பற்றி எழுதுமாறு கேட்கிறது. உங்கள் பதிவின் தொடக்கப் பத்தியை எழுதுக.