பழைய பிளேயரில் புதுப்படம் ஓட வேண்டுமா?

லாபிஸ் தோட்டங்களில் வளர்ந்து கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள், கல்யாணம், காதுகுத்து, தைப்பூசம் என்று கைப்பேசியில் எடுத்ததைப் பென்டிரைவில் போட்டு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அம்மா அதை டிவிடி பிளேயரில் செருகினால் சத்தம் மட்டும் வருகிறது, அல்லது ஒன்றுமே வருவதில்லை. ஐபோன் 2017 முதல் எச்.265 முறையில் படம் பிடிக்கிறது. பழைய பிளேயர்களுக்கு எம்பெக்-2, டிவ்எக்ஸ், எக்ஸ்விட் ஆகியவைதான் பழக்கம். ஆசையாகக் காத்திருக்கும் பெரியவர்களை ஏமாற்றாமல் இருக்கச் சில யோசனைகள்.

செய்ய வேண்டியவை

• முதலில் டிவியில் யூஎஸ்பி துளை இருக்கிறதா என்று பாருங்கள். இப்போதைய டிவிகள் பலவும் எம்பி4 கோப்பை நேரடியாக ஓட்டும். மாற்றும் வேலையே மிச்சம்.

• இல்லையென்றால், பிளேயரின் முன்பக்கத்தில் டிவ்எக்ஸ் முத்திரையைத் தேடுங்கள். இருந்தால் அவிடெமக்ஸ் என்ற இலவச மென்பொருளில் படத்துக்கு எக்ஸ்விட், ஒலிக்கு எம்பி3, கோப்புக்கு ஏவிஐ என்று தேர்ந்தெடுங்கள். பால் (PAL) முறை டிவிடியின் அளவான 720க்கு 576-ஐத் தாண்ட வேண்டாம். கைப்பேசியைப் படுக்கைவாட்டில் பிடித்து எடுத்த படத்துக்கு 640க்கு 360 வைத்தால் முகம் நீளாது, அமுங்காது. க்யூபெல் தேர்வை அணைத்துவிடுங்கள். பல பிளேயர்கள் அதில்தான் திணறும். கைப்பேசிப் படத்தின் வேகம் ஏறி இறங்கும். வினாடிக்கு 25 படம் என்று நிலைப்படுத்தினால் வாய் ஒருபுறம் குரல் ஒருபுறம் போகாது.

• முழுப்படத்தையும் மாற்றுமுன் ஒரு நிமிடத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். காவடியாட்டம் போல அசைவு மிகுந்த இடமாக எடுங்கள். மயிலிறகு கட்டங்கட்டமாக உடைந்தால் பிட்ரேட் போதவில்லை என்று பொருள்.

• 32 ஜிபிக்கு மேற்படாத பென்டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டினால் அதில் ஏறாது.

• கோப்பின் பெயரை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வையுங்கள். தமிழ் வசனவரி வேண்டுமானால் படத்தோடு பதித்துவிடுங்கள். பழைய பிளேயர்களில் தமிழெழுத்து வெறும் கட்டமாகத்தான் தெரியும்.

செய்யக்கூடாதவை

• கோப்பின் பெயரில் எம்பி4-ஐ அழித்து ஏவிஐ என்று எழுதாதீர்கள். உள்ளே இருக்கும் படம் அப்படியேதான் இருக்கும்.

• இதற்கு ஹேண்ட்பிரேக்கை நாடாதீர்கள். அருமையான மென்பொருள்தான்; ஆனால் ஏவிஐ எழுதுவதை 2009-லேயே நிறுத்திவிட்டது.

• வாட்ஸ்அப்பில் வீடியோவாக வந்ததை மூலமாகக் கொள்ளாதீர்கள். அது ஏற்கெனவே நசுங்கியது. ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

• குடும்பப் படங்களை முகம் தெரியாத இலவச இணையதளங்களில் ஏற்றாதீர்கள்.

• பழைய கல்யாண விசிடியைப் பெரிதாக்கி மாற்றாதீர்கள். அதில் இருப்பதே 352க்கு 288 புள்ளிகள், கோப்புதான் வீங்கும்.

• மாற்றி முடித்தாயிற்று என்று மூலத்தை அழிக்கவே அழிக்காதீர்கள். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் தரம் கொஞ்சம் போகும். நாளை வேறு பிளேயர் வாங்கினால் மூலத்திலிருந்துதான் மீண்டும் மாற்ற வேண்டும். அதன் ஒரு பிரதியை வேறு ஊரில் இருக்கும் பிள்ளையிடமும் கொடுத்து வையுங்கள். 2023 மார்ச்சில் லாபிஸ் அடங்கிய செகாமட் மாவட்டத்தில் வெள்ளம் புகுந்தபோது, அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தவைதான் முதலில் நனைந்தன.